குடல் அழற்சி நோய் இருக்கிறதா? ரத்தசோகைக்கும் தலைவலிக்கும் மெடிக்கலில் மாத்திரை வாங்கும் முன் இதைப் படியுங்கள்

"தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது." "உடம்புல ரத்தம் கம்மியா இருக்குன்னு சொல்றாங்க." மதுரை கோச்சடையில், மேலக்கால் ரோட்டில் ஏதாவது ஒரு மருந்துக்கடை வாசலில் அரை மணி நேரம் நின்றால் இந்த இரண்டில் ஒன்றாவது காதில் விழும். இரண்டுக்கும் நம்மிடம் வழக்கமான பதில் இருக்கிறது: ஒரு வலி மாத்திரை, ஒரு அட்டை இரும்புச்சத்து மாத்திரை.

நிறைய பேருக்கு இது பெரிய சிக்கல் தருவதில்லை. ஆனால் ஐபிடி எனப்படும் குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்கு இந்த இரண்டு மாத்திரைகளுமே கைகொடுக்காமல் போகலாம். சில வலி மாத்திரைகள் அடங்கியிருக்கும் குடல் புண்ணைக் கிளறிவிடும். இரும்புச்சத்து மாத்திரை உடம்பில் சேராமலே வெளியே போய்விடும். நோயாளி மட்டும் மாதக்கணக்கில் சோர்ந்து கிடப்பார். வீட்டில் "சோம்பேறி" என்ற பெயரும் கிடைக்கும்.

இந்த நோயில் இரும்பு ஏன் குறைகிறது, தலை ஏன் வலிக்கிறது, என்ன பரிசோதனை கேட்க வேண்டும், எந்த மாத்திரையைத் தொடவே கூடாது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஐபிடி என்றால் என்ன?

உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தியே குடலின் உள்சுவரைத் தாக்கி, புண்ணாக்கி, வீங்க வைக்கும் நீண்டகால நோய் இது. முக்கியமாக இரண்டு வகை.

* அல்சரேட்டிவ் கொலைடிஸ்: பெருங்குடலை மட்டும் பாதிக்கும். மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும். ரத்தமும் சளியும் கலந்த வயிற்றுப்போக்கு இதன் முக்கிய அடையாளம்.
* க்ரோன் நோய்: வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அதிகம். 1932-ல் அமெரிக்க மருத்துவர் பர்ரில் க்ரோனும் அவரது இரண்டு சகாக்களும் இதை விவரித்து எழுதியதால் இந்தப் பெயர்.

ஜப்பான் பிரதமராக இருந்த ஷின்சோ அபே 2020 ஆகஸ்ட் 28 அன்று பதவி விலகுவதாக அறிவித்தது நினைவிருக்கலாம். அதற்கு அவர் சொன்ன காரணம், அல்சரேட்டிவ் கொலைடிஸ் மறுபடியும் தீவிரமானதுதான்.

"இது வெள்ளைக்காரர்களுக்கு வரும் நோய்" என்ற எண்ணம் நம் ஊரில் ரொம்ப நாள் இருந்தது. பஞ்சாபில் வீடு வீடாக நடத்தப்பட்டு 2003-ல் வெளியான ஆய்வு, 1 லட்சம் பேரில் சுமார் 44 பேருக்கு அல்சரேட்டிவ் கொலைடிஸ் இருப்பதாகக் காட்டியது. பெரும்பாலும் 15 முதல் 35 வயதுக்குள் தொடங்குகிறது. அதாவது படிக்கிற, வேலை தேடுகிற, கல்யாணம் பேசுகிற வயதில்.

ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஐபிஎஸ் வேறு, ஐபிடி வேறு. ஐபிஎஸ் என்பது குடல் இயங்கும் விதத்தில் வரும் கோளாறு. அதில் குடலில் புண் இருக்காது, ரத்தம் போகாது, அதனால் ரத்தசோகையும் வராது. "எனக்கு ஐபிஎஸ்தான்" என்று நினைத்துக்கொண்டிருப்பவருக்கு ஹீமோகுளோபின் குறைந்துகொண்டே போனால், மறுபடி பார்க்க வேண்டியது குடலை.

எல்லா ரத்தமும் மூலம் அல்ல

மலத்தில் ரத்தம் போனால் நம்மில் பலர் முதலில் சொல்வது "உடம்பு சூடு" அல்லது "மூலம்". கூச்சத்தில் யாரிடமும் சொல்லாமல், மூலத்துக்கு மருந்து தருவதாகச் சொல்லும் இடங்களில் வருடக்கணக்கில் மருந்து சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள்.

மூலத்தில் பொதுவாக மலம் கழித்த பின் சிவப்பாக ரத்தம் சொட்டும் அல்லது மலத்தின் மேல் ஒட்டி இருக்கும். கீழே உள்ளவற்றில் ஏதாவது சேர்ந்து இருந்தால் மூலம் என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம்.

* ரத்தத்தோடு சளி கலந்து போவது
* 4 வாரத்துக்கு மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்கு
* நடு ராத்திரியில் எழுந்து ஓட வைக்கும் அவசரம்
* எடை குறைவது, விட்டு விட்டுக் காய்ச்சல்
* மூட்டு வலி, கண் சிவந்து வலிப்பது, வாயில் அடிக்கடி புண்

இதில் நம் நாட்டுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. குடலில் வரும் காசநோயும் க்ரோன் நோயும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கொலோனோஸ்கோபி செய்து சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதித்தும் சில சமயம் பிரித்துச் சொல்வது கஷ்டம். அதனால் சிலருக்கு முதலில் காசநோய் மருந்து கொடுத்து, புண் ஆறுகிறதா என்று பார்த்த பிறகே க்ரோன் என்று முடிவு செய்கிறார்கள். "டாக்டர் மாத்தி மாத்திச் சொல்றாரு" என்று கோபித்துக்கொண்டு பாதியில் நின்றுவிடக் கூடாது.

இரும்பு ஏன் குறைகிறது? மூன்று காரணங்கள்

1. ரத்தம் கசிகிறது

இந்தக் கணக்கைப் பாருங்கள். 1 கிராம் ஹீமோகுளோபினில் சுமார் 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஹீமோகுளோபின் 10 உள்ள ஒருவருக்கு, குடல் புண்ணிலிருந்து தினமும் 10 மில்லி ரத்தம், அதாவது இரண்டு டீஸ்பூன், கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் தினமும் இழக்கும் இரும்பு சுமார் 3.4 மில்லிகிராம். சாதாரணமாக ஒருவரின் குடல் உணவிலிருந்து ஒரு நாளில் உறிஞ்சிக்கொள்வது 1 முதல் 2 மில்லிகிராம்தான். வரவை விடச் செலவு இரண்டு மடங்கு. பெண்களுக்கு மாதவிடாய் இழப்பும் இதோடு சேரும்.

2. உறிஞ்சும் இடம் பாதிக்கப்படுகிறது

இரும்பு உறிஞ்சப்படுவது சிறுகுடலின் ஆரம்பப் பகுதியில். க்ரோன் நோய் அங்கு வந்தால் உறிஞ்சுவது குறையும். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் வந்தால், அல்லது அந்தப் பகுதியை அறுவை சிகிச்சையில் எடுத்திருந்தால், வைட்டமின் பி12 குறையும். அதனாலும் ரத்தசோகை வரும்.

3. உடம்பே கதவைப் பூட்டிக்கொள்கிறது

இதுதான் பலருக்குத் தெரியாத காரணம். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும். கிருமிகளுக்கு இரும்பு கிடைக்கக் கூடாது என்பதற்காக உடம்பு வைத்திருக்கும் பழைய தற்காப்பு இது. ஹெப்சிடின் கூடினால் குடல் செல்களிலிருந்து இரும்பு ரத்தத்துக்குள் போகும் வாசல் மூடிவிடும். சேமிப்பில் இருக்கும் இரும்பும் வெளியே வராது. மாத்திரை விழுங்கலாம், அது வயிற்றுக்குள் போகும், ரத்தத்துக்குள் போகாது. தங்கிவிடும் இரும்பு சிலருக்குக் குமட்டலையும் வயிற்று வலியையும் கூட்டும்.

ஆக, குடல் அழற்சியை அடக்காமல் இரும்பை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

"ஊர்ல பாதிப் பொண்ணுங்களுக்கு ரத்தசோகை இருக்கே?"

இருக்கிறது. 2019-21-ல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்திய அளவில் 57 சதவீதம். இந்த எண்ணிக்கையே ஐபிடி நோயாளிகளுக்கு எதிராக வேலை செய்கிறது. ஹெச்பி 9 என்று ரிப்போர்ட் வந்தாலும், "பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் சகஜம், கீரை சாப்பிடு" என்று பேச்சு முடிந்துவிடுகிறது. குடல் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13, கர்ப்பிணிக்கு 11. இவற்றுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. மாதவிடாய் இழப்பு இல்லாத ஒரு ஆணுக்கு இரும்பு குறைந்தால் குடலைப் பார்க்காமல் விடவே கூடாது.

சரி, தலைவலி எங்கிருந்து வருகிறது?

ஐபிடி உள்ளவர்களுக்கு மைக்ரேன் உட்பட தலைவலி மற்றவர்களை விட அதிகம் வருவதாக வெளிநாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. காரணம் ஒன்றல்ல. ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று காரணம் சேர்ந்தும் இருக்கலாம்.

* ரத்தசோகை: ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் குறைவதால் தலைவலி, தலைச்சுற்றல், மாடிப்படி ஏறினால் படபடப்பு. ஏற்கெனவே மைக்ரேன் இருந்தால் அது அடிக்கடி வரலாம்.
* நீர் வற்றுவது: ஒரு நாளைக்கு 6, 8 முறை வயிற்றுப்போக்கு போகிறவருக்கு, சித்திரை வைகாசி மதுரை வெயிலும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.
* தூக்கம் கெடுவது: ராத்திரியில் மூன்று முறை எழுந்தால் காலையில் தலை பாரமாகத்தான் இருக்கும்.
* மருந்துகள்: மெசலமின், சல்ஃபாசலசின், அசாதயோபிரின், இன்ஃப்ளிக்சிமாப் போன்ற ஐபிடி மருந்துகளின் பக்கவிளைவுப் பட்டியலில் தலைவலி உண்டு. ஸ்டீராய்டு ரத்த அழுத்தத்தையும் கூட்டலாம்.
* டீயைத் திடீரென நிறுத்துவது: "இரும்பு மாத்திரை சாப்பிடும்போது டீ குடிக்காதே" என்றதும் தினம் ஐந்து டீ குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்திவிடுவார். அடுத்த நாளே தலைவலி. அது காஃபின் இல்லாததால் வருவது. டீயைப் படிப்படியாகக் குறைத்தால் போதும்.
* வலி மாத்திரையே காரணமாவது: மாதத்தில் 15 நாளுக்கு மேல் சாதாரண வலி மாத்திரை, அல்லது 10 நாளுக்கு மேல் கூட்டு மாத்திரை என்று மாதக்கணக்கில் போனால், அந்த மாத்திரையே தலைவலியை நிரந்தரமாக்கிவிடும்.

மருந்தால் தலைவலி என்று சந்தேகம் வந்தால் மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது. குறிப்பாக ஸ்டீராய்டு. அதைத் திடீரென விட்டால் ரத்த அழுத்தம் குறைந்து மயங்கி விழும் அளவுக்கு ஆபத்து உண்டு. தேதி, நேரம், என்ன மாத்திரை போட்டீர்கள், எத்தனை முறை வெளிக்குப் போனீர்கள் என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி, அதை டாக்டரிடம் காட்டுங்கள். பாதிக் காரணம் அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும்.

எந்த வலி மாத்திரை?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுப்பதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்சன், ஆஸ்பிரின் போன்றவை ஒரே குடும்பம். இவை வயிற்றிலும் குடலிலும் புண்ணை உண்டாக்கக்கூடியவை. ஐபிடி உள்ள எல்லோருக்கும் இவை நோயைக் கிளப்பும் என்று சொல்ல முடியாது. ஆனால் சிலருக்கு ஒரு வாரத்திலேயே கிளப்பிவிடுகிறது, யாருக்கு என்று முன்கூட்டியே தெரியாது. அதனால்தான் தவிர்க்கச் சொல்கிறார்கள். ரத்தக் கசிவும் கூடும் என்பதால் இரும்புக் கணக்கில் இன்னொரு ஓட்டை.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அட்டையின் பின்பக்கம் படியுங்கள்.

* டோலோ 650: பாராசிட்டமால் மட்டும்
* காம்பிஃப்ளாம்: பாராசிட்டமாலுடன் ஐபுப்ரோஃபென்
* ஜீரோடால் பி: பாராசிட்டமாலுடன் அசிக்ளோஃபெனாக்
* வோவெரான்: டைக்ளோஃபெனாக்
* டிஸ்பிரின்: ஆஸ்பிரின்
* சாரிடான்: பாராசிட்டமால், காஃபின், கூடவே புரோபிஃபெனசோன் என்ற இன்னொரு வலி மருந்து

ஐபிடி உள்ளவருக்குத் தலைவலி என்றால் பொதுவாக முதல் தேர்வு பாராசிட்டமால் மட்டும் உள்ள மாத்திரை. பெரியவர்களுக்கு 650 மாத்திரை என்றால் 6 மணி நேர இடைவெளி விட்டு, ஒரு நாளில் 4-ஐத் தாண்ட வேண்டாம். கல்லீரல் பிரச்சினை உள்ளவர்களும் மது குடிப்பவர்களும் டாக்டரிடம் கேட்காமல் போடக் கூடாது. வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தேவைப்பட்டால் அது தனியாகப் பார்க்க வேண்டிய தலைவலி. மைக்ரேனுக்குத் தனி மருந்துகள் இருக்கின்றன.

இதயப் பிரச்சினைக்காகக் குறைந்த அளவு ஆஸ்பிரின் எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்த வேண்டாம். இதய மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ரிப்போர்ட்டில் "நார்மல்" என்று இருந்தால் நார்மலா?

இங்கேதான் பலர் தவறவிடுகிறார்கள். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். ஆனால் அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். உண்மையில் சேமிப்பு காலியாக இருக்கும், ரிப்போர்ட்டில் நார்மல் என்று வரும்.

ஐபிடி நோய்க்கான ஐரோப்பிய மருத்துவ அமைப்பு 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இப்படிப் பிரிக்கிறது.

* அழற்சி இல்லாதபோது: ஃபெரிட்டின் 30-க்குக் கீழ் இருந்தால் இரும்புக் குறைபாடு
* அழற்சி இருக்கும்போது: 100 வரை இருந்தாலும் இரும்புக் குறைபாடு இருக்கலாம்
* 100-க்கு மேல், ஆனால் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் 20 சதவீதத்துக்குக் கீழ்: நீண்டகால அழற்சியால் வரும் ரத்தசோகை

ஓர் உதாரணம். 28 வயதுப் பெண், எடை 52 கிலோ, ஹெச்பி 9.2, ஃபெரிட்டின் 64, அழற்சியைக் காட்டும் சிஆர்பி 22, சாச்சுரேஷன் 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஃபெரிட்டின் 64 என்பது லேப் அச்சடிக்கும் வழக்கமான எல்லைக்குள்தான் இருக்கும். பக்கத்தில் சிவப்புக் குறி விழாது. ஆனால் சிஆர்பி ஏறியிருக்கிறது, சாச்சுரேஷன் இறங்கியிருக்கிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அவருக்கு இரும்புக் குறைபாடு.

அதனால் ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது சிபிசி, ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன், சிஆர்பி ஆகிய நான்கும் ஒரே நாளில் எடுக்கப்படுகிறதா என்று கேளுங்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது பி12, ஃபோலிக் அமிலம் பார்ப்பது நல்லது. சல்ஃபாசலசின் ஃபோலிக் அமிலம் சேர்வதைக் குறைக்கும். நோய் அடங்கியிருந்தால் 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு முறை, கிளம்பியிருந்தால் 3 மாதத்துக்கு ஒரு முறையாவது இந்தப் பரிசோதனைகள் தேவை.

மாத்திரையா, டிரிப்ஸா?

நோய் அடங்கியிருக்கிறது, ரத்தசோகை லேசானது, மாத்திரை ஒத்துக்கொள்கிறது என்றால் மாத்திரையே போதும். ஒரு நாளில் 100 மில்லிகிராம் இரும்புக்கு மேல் வேண்டாம் என்கிறது அதே வழிகாட்டுதல். அதிகம் போட்டால் அதிகம் சேராது, வயிறுதான் கெடும்.

நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவதே முதல் தேர்வு என்று சொல்லப்படும் நிலைகள்:

* ஐபிடி கிளம்பியிருக்கும்போது
* ஹீமோகுளோபின் 10-க்குக் கீழ் இருக்கும்போது
* மாத்திரை முன்பே ஒத்துக்கொள்ளாதபோது

காரணம் கணக்கில் தெரியும். நாம் பார்த்த உதாரணத்தில் அந்தப் பெண்ணுக்கு மொத்தம் தேவைப்படும் இரும்பு சுமார் 1,500 மில்லிகிராம். தினமும் 60 முதல் 100 மில்லிகிராம் மாத்திரை போட்டு, அதில் பத்தில் ஒரு பங்கு சேர்ந்தாலே 5 முதல் 8 மாதம் ஆகும். ஹெப்சிடின் கதவைப் பூட்டியிருந்தால் அதுவும் சேராது. நரம்பு வழியாகக் கொடுத்தால் ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்ற மருந்தை ஒரு தடவையில் 1,000 மில்லிகிராம் வரை ஏற்றலாம். அயர்ன் சுக்ரோஸ் என்றால் 200 மில்லிகிராம் வீதம் பல தடவை வர வேண்டியிருக்கும். எது என்பது எடை, வசதி, விலை, டாக்டரின் முடிவைப் பொறுத்தது.

பயப்பட வேண்டியதில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டியவை: ஏற்றி முடித்த பின் அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். கடுமையான அலர்ஜி அபூர்வம், ஆனாலும் அதைச் சமாளிக்கும் வசதி உள்ள மருத்துவமனையில்தான் ஏற்ற வேண்டும். வீட்டில் ஆள் வைத்து ஏற்றிக்கொள்ளும் வேலை கூடாது. ஏற்றிய அன்று தலைவலி வருவது தெரிந்த பக்கவிளைவு. காய்ச்சல், கிருமித் தொற்று இருக்கும்போதும், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களிலும் பொதுவாக ஏற்றுவதில்லை. ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் திரும்பத் திரும்ப ஏற்றினால் ரத்தத்தில் பாஸ்பேட் குறையலாம். இரும்பு ஏறியும் சோர்வும் எலும்பு வலியும் கூடினால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சரியாக வேலை செய்தால் 4 வாரத்தில் ஹீமோகுளோபின் 2 கிராம் அளவுக்கு ஏற வேண்டும். ஃபெரிட்டினை உடனே பார்க்காதீர்கள், ஏற்றிய புதிதில் அது தாறுமாறாகக் காட்டும். 8 முதல் 12 வாரம் கழித்துப் பார்க்க வேண்டும். ஹெச்பி ஏறியும் தலைவலி அப்படியே இருந்தால் அந்தத் தலைவலிக்குக் காரணம் வேறு.

மாத்திரைதான் என்றால் எப்படிச் சாப்பிடணும்?

* டீ, காபி, பாலுக்கு ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ஜிகர்தண்டாவும் பால்தான்.
* ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குக் கால்சியம் மாத்திரையும் எழுதியிருப்பார்கள். இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போடாமல் 2 மணி நேரம் தள்ளிப் போடுங்கள். தைராய்டு மாத்திரைக்கு 4 மணி நேரம்.
* தினமும் காலையில் பான் 40 போடும் பழக்கம் வருடக்கணக்கில் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். வயிற்று அமிலம் குறைந்தால் இரும்பு சேர்வதும் குறையும்.
* எலுமிச்சை ஜூஸ், நெல்லிக்காய் போன்றவற்றோடு சாப்பிட்டால் இரும்பு நன்றாகச் சேரும்.
* ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். சூரிச் ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், இரும்புச் சேமிப்பு குறைந்த இளம்பெண்களுக்கு இப்படிக் கொடுத்தபோது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதலாக இரும்பு சேர்ந்தது. அவர்கள் ஐபிடி நோயாளிகள் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.
* மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால் இருக்கலாம். ஆனால் தார் போல ஒட்டி, கடுமையான நாற்றத்தோடு போனால் அது உள்ளே ரத்தக் கசிவாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சுவரொட்டி, முருங்கைக்கீரை, ரேஷன் அரிசி போதாதா?

மதுரையில் ரத்தம் கம்மி என்றதும் கறிக்கடையில் சுவரொட்டி சொல்லி வைப்பார்கள். அது வீண் நம்பிக்கை இல்லை. ஆட்டு மண்ணீரலிலும் ஈரலிலும் உள்ள இரும்பு, கீரை இரும்பை விட எளிதாகச் சேரும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, கம்பு எல்லாம் நல்ல உணவுதான். ஆனால் க்ரோன் நோயால் குடல் சுருங்கி இருப்பவர்களுக்கு நார் அதிகமுள்ள கீரைத்தண்டும் முழுதானியமும் அடைப்பை உண்டாக்கலாம். நோய் கிளம்பியிருக்கும்போது கீரையைப் பொரியலாகச் சாப்பிடுவதை விட சூப்பாக வடிகட்டிக் குடிப்பது சிலருக்கு ஒத்துக்கொள்ளும்.

செறிவூட்டப்பட்ட அரிசிக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் அளவு, கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு. கால் கிலோ அரிசியில் 7 முதல் 10.6 மில்லிகிராம். அதிலும் ஒரு சிறு பங்குதான் உடம்பில் சேரும். ஆரோக்கியமானவருக்கு இரும்பு குறையாமல் பார்த்துக்கொள்ள உதவலாம். 1,500 மில்லிகிராம் பள்ளத்தை நிரப்ப இது போதாது. உணவு துணை, சிகிச்சை இல்லை.

வெயில் நாளில் என்ன குடிப்பது?

வயிற்றுப்போக்கும் தலைவலியும் சேர்ந்து வந்தால் வெறும் தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் சேர வேண்டும். உலக சுகாதார நிறுவன அளவுப்படி தயாரித்த 20.5 கிராம் ஓஆர்எஸ் பாக்கெட்டை 1 லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். பழச்சாறு டப்பாவில் "ஓஆர்எஸ்" என்று போட்டு விற்ற இனிப்புப் பானங்கள் அது இல்லை. அந்தப் பெயரை அப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. இனிப்பு அதிகமானால் வயிற்றுப்போக்கு இன்னும் கூடும். வீட்டில் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி நல்லது. நீர்மோர் ஒத்துக்கொண்டால் குடிக்கலாம்.

இந்தத் தலைவலியைத் தள்ளிப்போடாதீர்கள்

ஐபிடி உள்ளவர்களுக்கு ரத்த நாளங்களில் ரத்தம் உறையும் ஆபத்து மற்றவர்களை விட இரண்டு மூன்று மடங்கு அதிகம். அபூர்வமாக, மூளையின் ரத்த நாளத்திலும் உறையலாம். நோய் கிளம்பியிருப்பது, நீர் வற்றியிருப்பது, ரத்தசோகை, கருத்தடை மாத்திரை ஆகியவை இந்த ஆபத்தைக் கூட்டும். இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் போன்ற ஊசிகள் எடுப்பவர்களுக்கு உள்ளே அடங்கிக் கிடந்த காசநோய் மறுபடி கிளம்பி, மூளைக்காய்ச்சலாக வரலாம்.

கீழே உள்ள எதுவாக இருந்தாலும் மாத்திரை போட்டுப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

* இதுவரை வராத அளவுக்குத் திடீரென வரும் கடுமையான தலைவலி
* தலைவலியோடு வாந்தி, பார்வை மங்கல், இரட்டையாகத் தெரிவது
* கை கால் மரத்துப் போவது, வாய் கோணுவது, பேச்சு குளறுவது, வலிப்பு
* காய்ச்சலோடு கழுத்து விறைப்பு
* தலைவலியோடு மயக்கம், மூச்சு வாங்குவது, நிற்க முடியாத படபடப்பு

காய்ச்சலோடு வாரக்கணக்கில் இழுக்கும் தலைவலியையும் விடாதீர்கள். டாக்டரிடம் முதல் வரியிலேயே "எனக்கு ஐபிடி இருக்கு, இந்த மருந்து எடுக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வரி அவர் யோசிக்கும் திசையையே மாற்றும்.

மதுரையில் எங்கே போவது?

கோச்சடை, துவரிமான், மேலக்கால் பக்கம் இருப்பவர்கள் முதலில் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளலாம். மேல் சிகிச்சைக்குப் 'பெரிய ஆஸ்பத்திரி' என்று நாம் சொல்லும் அரசு ராஜாஜி மருத்துவமனையில் குடல், இரைப்பை, கல்லீரல் நோய்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. ஓபி சீட்டு போடும்போதே "மெடிக்கல் கேஸ்ட்ரோ" எந்த நாளில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய கொலோனோஸ்கோபி ரிப்போர்ட், பயாப்ஸி ரிப்போர்ட், மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் கொண்டு போங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், உங்கள் சிகிச்சை அதன் பட்டியலில் வருகிறதா என்று மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு கவுண்டரில் விசாரியுங்கள். பொதுவான சந்தேகங்களுக்கு 104 எண்ணை அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

அடுத்த தடவை டாக்டரிடம் கேட்க 5 கேள்விகள்

1. என் ஃபெரிட்டினையும் சிஆர்பியையும் சேர்த்துப் பார்த்தீர்களா? எனக்கு இரும்புக் குறைபாடா, அழற்சியால் வந்த சோகையா, இரண்டுமா?
2. குடலில் நோய் இப்போது அடங்கியிருக்கிறதா, கிளம்பியிருக்கிறதா?
3. எனக்கு மாத்திரை போதுமா, டிரிப்ஸ் வேண்டுமா? மொத்தம் எவ்வளவு இரும்பு தேவை?
4. தலைவலிக்கு எந்த மாத்திரை போடலாம், மாதத்தில் எத்தனை நாள்?
5. அடுத்த ரத்தப் பரிசோதனை எந்தத் தேதியில்?

ஐந்தாவது கேள்விதான் பலரும் கேட்காமல் வருவது. இரும்பு ஏற்றி, முகம் தெளிந்து, வேலைக்குப் போக ஆரம்பித்ததும் ஆஸ்பத்திரி பக்கம் போவது நின்றுவிடுகிறது. ஐபிடியில் இரும்பு மறுபடி குறைவது சகஜம். குடலில் நோய் மறுபடி தலைதூக்குகிறது என்பதற்கு அதுவே முதல் எச்சரிக்கையாகவும் இருக்கலாம். தேதியை இப்போதே போன் காலண்டரில் போட்டு வையுங்கள்.

(இது பொதுவான தகவலுக்காக மட்டும். உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற மருந்தையும் அளவையும் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.)